நக்போவின் காதில் சிவப்பு நூல்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் திருவிழாவில் படிக மலையைச் சுற்ற எங்கள் டோல்போ மலைநாடு முழுவதும் கிளம்பும். இந்த முறை நானும் கிளம்பினேன். போன குளிர்காலத்தில் பனிச்சரிவு என் கணவரையும் எங்கள் யாக் மாடுகளையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. மிஞ்சியது நக்போ ஒன்றுதான். அறுவடைக்குப் பிறகு அது கீழ்நாட்டிலிருந்து சுமந்துவரும் தானியத்தில்தான் என் இரண்டு பெண்களும் குளிர்காலத்தைத் தாண்ட வேண்டும்.

கணவரின் அண்ணன் தார்கேயும் கூட வந்தார். காத்மாண்டுவில் கம்பளக் கடை வைத்திருப்பவர். புது பூட்ஸ், கறுப்புக் கண்ணாடி. கணவாய்க்குப் பாதி வழியிலேயே முகம் சாம்பலாகி உட்கார்ந்துவிட்டார்.

"என்ன அண்ணே, கடை மாடிப்படின்னு நெனச்சீங்களா?" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண் பூட்டி.

"வாய மூடு. தலை வெடிக்குது."

நக்போவின் மீதிருந்த மாவு மூட்டையை என் முதுகுக்கு மாற்றிக்கொண்டு, அவரை அதன்மேல் ஏற்றினேன். பனி தூற ஆரம்பித்தது. அவர் அதன் கழுத்து மயிரைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"பொழச்சுட்டா இந்த மாட்டை விடுதலை பண்ணிடறேன். சத்தியமா."

மலை மயக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன்.

உளறல் இல்லை. திருவிழாவில் முகமூடி ஆட்டம் முடிந்து, உயிர் விடுவிக்கும் சடங்குக்கு லாமா அமர்ந்ததும், நக்போவை இழுத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே போனார் தார்கே. காதில் சிவப்பு நூல் ஏறிவிட்டால் பிறகு அந்த விலங்கைக் கொல்லவும் கூடாது, விற்கவும் கூடாது. முதுகில் சுமையும் ஏற்றக்கூடாது.

"யாருடைய மாடு?" என்று லாமா கேட்டார்.

"எங்க வீட்டு மாடு. மூத்தவன் நான்."

பொய் என்று சொல்ல முடியாது. லாமா என் பக்கம் திரும்பினார்.

"உனக்கும் சம்மதம்தானே, மகளே?"

நூற்றுக்கணக்கான பேர் கைகூப்பி என்னையே பார்த்தார்கள். ஓர் உயிரை விடுவிக்காதே என்று அந்த இடத்தில் எந்த வாய் சொல்லும்? தலையசைத்தேன். நூல் ஏறியது. கூட்டம் தார்கேயை வாழ்த்தியது.

"இந்த வருஷத்துப் புண்ணியம் பல மடங்காம், யாங்ஜோம். உனக்கும் பங்கு உண்டு" என்றார் அவர் என்னிடம்.

"அதை மாவா அரைச்சுக் குடுங்க அத்தான். புள்ளைங்க தின்னட்டும்."

அவர் சிரித்தார். நான் சொன்னதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் அதே ஏற்றம். அவருக்கு மறுபடி மூச்சு வாங்கியது.

"கொஞ்சம் நில்லு. ஏறிக்கிறேன்."

"எதுல அத்தான்?"

"விளையாடாத. இதுலதான்."

"நூல் கட்டுனது நீங்கதானே."

அவர் முன்னும் பின்னும் பார்த்தார். பூட்டி முன்னால் வெகுதூரம் போய்விட்டிருந்தாள்.

"இங்க யாரு பாக்கறா?"

"அன்னைக்கு மட்டும் எல்லாரும் பாக்கணும்னு நடுவுல இழுத்துட்டுப் போனீங்களே."

அவர் பாறையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். குதிகால் கிழிந்து ரத்தம் கசிந்தது.

"நம்ம வீட்டு மனுஷன் நான், யாங்ஜோம்."

"மெதுவா வாங்க. கணவாய்க்கு அந்தப் பக்கம் டீ போட்டு வைக்கிறேன்."

மாவு மூட்டையின் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு நடந்தேன். நக்போ வெறும் முதுகோடு எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தது. கயிறு நெற்றியை அறுத்தது. கீழ்நாட்டுத் தானியமும் இனி இந்தக் கயிற்றில்தான் வர வேண்டும். அது எத்தனை நடை என்று எண்ணிப் பார்க்க அப்போது எனக்குத் தைரியம் வரவில்லை.