மிதியின் மேல் இரும்பு

வாருங்கள், வந்து இந்த ரயில் என்ஜினின் தரையைப் பாருங்கள்! ஓட்டுநரின் காலடியில் ஒரு மிதி. அவர் உயிரோடு விழித்திருக்கிறார் என்பதற்கு அதை அழுத்தும் கால்தான் சாட்சி. கால் விலகினால் எச்சரிக்கை மணி அலறும். அதற்கும் அசைவில்லையென்றால் குழாயில் அடைபட்ட காற்று சீறி வெளியேறும். பிரேக்கைப் பிடிக்கவிடாமல் தடுத்து வைத்திருப்பது அந்தக் காற்றே. அது போனால் வண்டி தானே நின்றுவிடும். மனிதனின் மூச்சு நின்றால் வண்டியின் மூச்சும் நிற்கவேண்டும். இதுவன்றோ நியாயம்?

அந்த நியாயத்தின் தலையில் இரும்பை ஏற்றி வைத்தார்கள்!

தேய்ந்துபோன பிரேக் கட்டை அது. ஓய்வின்றி ஓட்டுகிறவர்கள் கண்ணயர்ந்தால் வண்டி நின்று நேரம் தவறுமே என்று பணிமனை மேற்பார்வையாளரே எல்லா என்ஜின்களிலும் போட்டு வைத்தார். சென்ற மழைக்காலத்தில் இதே என்ஜினைத் தனியாக ஓட்டிய ஒருவர் மாரடைப்பில் சாய்ந்தார். மிதிமேல் இரும்பு இருந்தது. பிணம் ஓட்டிய வண்டி சிவப்பு விளக்கைத் தாண்டி, தண்டவாளத்தில் வேலை செய்த மூவரைப் பலிகொண்டது. "ஓட்டுநர் உறங்கிவிட்டார்" என்று விசாரணை கைகழுவியது.

இறந்தவரின் தம்பி இன்று அதே இருக்கையில். சின்னவர் என்பார்கள். இரவுப் பணி முடித்தவரைப் பகலுக்கும் அனுப்பிய மேற்பார்வையாளர், "வழியில வண்டி நின்னுச்சு, நாளைக்கு இந்தப் பக்கம் வராத" என்றிருந்தார்.

விபத்துக்குப் பிறகு போடப்பட்ட துணை ஓட்டுநருக்கு வாய் ஓயாது, பட்டப்பெயர் வானொலி.

"கட்டை இருக்கட்டும்ணே. கண்ணு ரெண்டும் கோவைப்பழமா இருக்கு. நான் பேசிக்கிட்டே வர்றேன், தூக்கமே வராது."

"நீ பேசினாத்தான்டா வருது."

வண்டி ஓடிக்கொண்டிருக்க, சின்னவர் மிதிமேலிருந்த இரும்பைத் தூக்கி ஓரமாக எறிந்தார். மிதியில் கால் வைக்கப் போனவர் திகைத்தார். அது ஏற்கெனவே அமுங்கியிருந்தது.

"ஸ்பிரிங் போயிருச்சாண்ணே?" என்று வானொலி எட்டிப் பார்த்தார்.

வெயில் கொளுத்திய அந்த அறையில் சின்னவரின் கால்களை மட்டும் குளிர் கவ்வியது. மிதியின் நுனி மெல்லத் துடித்தது, நின்றது, மீண்டும் துடித்தது. தாளம்! பாட்டு முணுமுணுத்தபடி கட்டைவிரலால் அண்ணன் போடும் அதே தாளம்.

"செத்தும் டியூட்டியாண்ணே?" சின்னவர் மிதியை நோக்கிக் குனிந்தார். "போதும்ணே. காலை எடு."

மிதி மெல்ல மேலெழுந்தது. மணி அலறியது.

"மிதிங்கண்ணே! வேலை போயிரும்!"

சின்னவர் இரு கால்களையும் இருக்கைமேல் மடக்கிக்கொண்டார். "போகட்டும்டா. ஒரு தடவையாவது இது நிக்கட்டும்."

காற்று, நெடுநாள் அடக்கிய பெருமூச்சுபோல் சீறியது. வெட்டவெளியில் வண்டி நின்றது. தகவல் கருவியில் மேற்பார்வையாளர் கத்தினார்: "எவன்டா நிறுத்தச் சொன்னது?"

"அண்ணன் இறங்கிட்டாரு சார்."

மறுநாள் சின்னவருக்கு வேலை இல்லை. இரும்புக்கு இருக்கிறது, மற்ற என்ஜின்களில் அது இன்னும் மனிதக் காலாக நடித்துக்கொண்டிருக்கிறது. பயணிகளே, படுக்கையை விரிக்குமுன் என்ஜின் வரை நடந்து செல்லுங்கள். "ஓட்டுநர் கடைசியாக எப்போது உறங்கினார்? மிதிமேல் இருப்பது யாருடைய கால்?" என்று உரக்கக் கேளுங்கள். இரும்பு வெளியே வந்து விழும்வரை ஒருவரும் ஏறாதீர்கள்!