எந்த மெஷினிலும் ஓடும்

ஆஸ்திரேலியாவில், எங்கள் ஹோபார்ட் ஆபீஸில் வார்விக்கை யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவன் வாஸாதான். சால்மன் பண்ணைகளில் மீன்களுக்குத் தீனி போடும் மென்பொருள் எங்களுடையது. படகுகளில் விண்டோஸ், பண்ணை ஆபீஸ்களில் மேக், சர்வரில் லினக்ஸ். மூன்றிலும் ஓடும்படி அதைக் கட்டி எடுப்பதற்குப் பெயர் பில்ட். அது வாஸாவின் பழைய மடிக்கணினியில் மட்டும்தான் நடக்கும். வேறு எதில் முயன்றாலும் பாதியிலேயே செத்துவிடும். சிறுநீரகக் கல்லுக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், ஒரு கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க, மறு கையால் பில்ட் போட்டு அனுப்பியவன் அவன். எங்கள் மேலாளர் ப்ரான்வின் அதற்காக அவனுக்கு ஒரு பலூன் அனுப்பிவைத்தாள், மகராசி.

இத்தனைக்கும் அவன் ஒப்பந்த ஆள்தான். நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்டுக்கேட்டு அவன் நாக்குத் தேய்ந்துவிட்டது. இந்தக் குளிர்காலத்தில்தான் ப்ரான்வின் கொஞ்சம் இறங்கிவந்தாள்.

"வாஸா, எந்த மெஷின்ல தட்டினாலும் பில்ட் ஓடணும். அத மட்டும் முடிச்சுக் குடு."

"முடிச்சா நிரந்தரம் ஆக்கிடுவீங்களா, ப்ரான்?"

"நான் பாத்துக்கறேன்னு சொல்றேன்ல?"

மதியம் துறைமுகத்தில் மீனும் சிப்ஸும் தின்றுகொண்டே அவனைப் பிடித்துத் திட்டினேன்.

"டேய் மடையா, அந்த ஓட்ட டப்பா இருக்கற வரைக்கும்தான் உனக்கு இங்க வேலை. அதயே தூக்கி அவகிட்ட குடுக்கறேங்கற!"

"போடா. ஒருத்தன் மெஷின்ல மட்டும் ஓடுறதெல்லாம் ஒரு பொழப்பா? எனக்கே கேவலமா இருக்கு."

அதற்கு மேல் அவனிடம் பேசுவது செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

பேய் மாதிரி உழைத்தான். தன் மடிக்கணினியில் மட்டுமே இருக்கும் ஃபோல்டர்களை நம்பியிருந்த வரிகளைத் தேடித்தேடி அழித்தான். ஒரே கருவி மேக்கில் ஒரு மாதிரியும் லினக்ஸில் வேறு மாதிரியும் முரண்டு பிடிக்கும். இரண்டுக்கும் ஒத்துவரும் வழியைக் கண்டுபிடித்தான். மென்பொருளைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பது என் வேலை. நான் சொன்ன குறையையெல்லாம் முகம் சுளிக்காமல் சரிசெய்தான்.

சோதனை நாளன்று மேஜையில் மூன்று புத்தம்புதுக் கணினிகள் இருந்தன. "எனக்கு இதுல ஒரு எழவும் தெரியாது, நானே தட்டறேன்" என்று ப்ரான்வின் உட்கார்ந்தாள். ஒரே ஒரு கட்டளைதான். மூன்றிலும் பில்ட் முடிந்து பச்சை விழுந்தது. எல்லோரும் கைதட்டினோம்.

"இரு வாஸா. உன் அக்கவுண்ட்ட நம்பி எதாச்சும் ஓடுதோ என்னவோ? அத அழிச்சிட்டு இன்னொரு தடவ பாத்துடலாமா?" என்றாள் ப்ரான்வின்.

"அட, அதான் சரியான டெஸ்ட்டு! அழிங்க, அழிங்க!"

அவன் கண்முன்னாலேயே அவன் கணக்கை அழித்தார்கள். அப்போதுதான் கதவோரம் வந்து நின்ற மனிதவள அதிகாரியைப் பார்த்தேன். ஆளை அனுப்புகிற நாளில் மட்டும் மாடியிலிருந்து இறங்கி வருகிற ஆசாமி. ஆறு தாண்டும்வரைதான் அண்ணன் தம்பி. தாண்டிவிட்டால் நீ யாரோ, நான் யாரோ.

மறுபடி தட்டினாள். லினக்ஸ் பச்சை. மேக் பச்சை. விண்டோஸ் மட்டும் ஏதோ ஒரு கோப்பில் நின்றுவிட்டது. சிவப்பு விழட்டும், விழுந்து தொலையட்டும் என்று உள்ளுக்குள் கும்பிட்டேன். பில்ட் உடையச் சொல்லி வாழ்க்கையில் நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். வாஸாவோ திரையோடு மூக்கை ஒட்டிக்கொண்டு, "வாடி செல்லம், விட்டுடாத, வா வா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

பச்சை விழுந்தது.

துள்ளி எழுந்து ப்ரான்வினைக் கட்டிப்பிடித்தான். அவன் கண்ணில் தண்ணீர்.

"பாத்தீங்களா ப்ரான்? நான் இல்லாமயே ஓடுது!"

"பாத்தேன், வாஸா."

அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தபடியே, கதவோரம் நின்றவரைக் கண்ணால் கூப்பிட்டாள்.