தூசி குறித்த புகார்

அழைப்பு மணி அடித்தபோது தெரேஸ் தன் அப்பாவின் கால்களுக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தாள் என்றுதான் எனக்கு நினைவு. அவள் அதை மறுக்கிறாள். காலுறை அதற்கு முன்பே போட்டாகிவிட்டதாம். மணி அடித்தபோது கழுத்துப்பட்டையைத் தேடிக்கொண்டிருந்தாளாம். அவள் சொல்வது சரியாக இருக்கலாம். நான் அவளுடைய சித்தி மகள், அன்று காலை அவள் தொலைபேசியில் கூப்பிட்டதும் ஓடிவந்தவள். பாதி நேரம் சமையலறையில் வெந்நீரோடு நின்றேன். எண்பத்தேழு நவம்பர், திங்கட்கிழமை. அது மட்டும் நிச்சயம்.

அந்தக் கால்களை நானும் பார்த்தேன். நகங்கள் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. குதிகாலில் வெடிப்பு இல்லை. எண்ணெய் தடவிய மினுமினுப்பு இருந்தது. லூசியன் பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தோடு போய் இந்தோசீனாவில் அடிபட்டதிலிருந்து வலது முழங்காலை மடக்க முடியாதவர். தன் கால்விரலை அவர் தொட்டுப் பல வருடம் ஆகியிருக்கும்.

"இத யாரு வெட்டனது?" என்றாள் தெரேஸ். என்னிடம் கேட்டதுபோல் இல்லை.

அதற்குச் சற்று முன் அவருடைய உடையைக் கழற்றியபோது, உள்ளே ஒரு துணி மடித்து வைத்திருந்தது. செத்துப்போன பெரியம்மாவின் நீலப் பருத்திப் புடவையைச் சதுரமாக வெட்டி, ஓரத்தைக் கையால் தைத்த துணி. ஈரமாக இருந்தது. அலமாரியின் கீழ்த்தட்டில் அதேபோல் ஓர் அடுக்கு, துவைத்து மடித்தபடி. அவருக்குச் சிறுநீர் நிற்பதில்லை என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. ஞாயிறுதோறும் புறநகரான எபினேயிலிருந்து தெரேஸ் வரும்போது, கோட்டும் கழுத்துப்பட்டையுமாக சன்னலோர நாற்காலியில் இருப்பார். அறை முழுக்கக் கொலோன் வாசனை.

"பப்பா, இதுலயா குளிக்கறீங்க?" என்று கேலி செய்வாள்.

"மிலித்தேர்டி நானு," என்பார் அவர், பட்டாளத்துக்காரன் என்ற பெருமையில். அவ்வளவுதான்.

உடம்பு சுத்தமாக இருந்தது. வீடுதான் சுத்தமாக இல்லை. ரேடியோவின் மேல் தூசி, தொட்டியில் பாத்திரம், கட்டிலுக்கடியில் ஒட்டடை. பெரியப்பாவின் வீட்டு வேலைக்கு ஓர் உதவிச் சங்கம் வாரத்தில் மூன்று நாள் காலையில் ஆள் அனுப்பியது. கூட்டலாம், சமைக்கலாம், கடைக்குப் போகலாம். உடம்பைத் தொடும் வேலை கூடாது, அது தாதியருடையது என்பது அவர்களுடைய விதி. கட்டணத்தில் ஒரு பங்கை ஓய்வூதிய நிதி கொடுத்தது. மீதியைத் தெரேஸ் கட்டினாள். வந்தவள் கோசலை, யாழ்ப்பாணத்துக்காரி. மாதம் போகப் போகத் தூசி ஏறியது, கட்டணம் குறையவில்லை. தெரேஸ் சங்கத்துக்கு ரெக்லமசியோன் என்று ஒரு புகார் எழுதினாள். செய்யாத வேலைக்குப் பணம் கேட்கிறீர்கள், இந்தப் பெண் என் தகப்பனாரின் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறாள் என்று.

வீட்டுக்கே வந்து விசாரிக்க நாள் குறித்தார்கள். அதற்காகத்தான் ஞாயிறு இரவே அவள் வந்து தங்கியிருந்தாள்.

"அந்த ரெக்லமசியோன வேணாம்னு சொல்லிடும்மா," என்றாராம் பெரியப்பா, படுக்கப் போகும்போது.

"உங்களுக்கு எல்லாரும் நல்லவங்கதான், பப்பா."

அவர் விளக்கை அணைக்கச் சொன்னார். விடிந்தபோது அவர் இல்லை.

கதவைத் திறந்தது நான்தான். சங்கத்து மேற்பார்வையாளர் ழான்-லூக் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். அவருக்குப் பின்னால், படிக்கட்டில் ஒரு படி கீழே, கோசலை. விசாரணை இன்றைக்கு என்பதை நாங்கள் மறந்தே போயிருந்தோம். நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பினார்.

"வாங்க. ரெண்டு பேரும் உள்ள வாங்க," என்று உள்ளேயிருந்து பிரெஞ்சில் சொன்னாள் தெரேஸ்.

கோசலை கட்டிலருகே போய் நின்றாள். அழவில்லை. பெரியப்பாவின் காலுறை ஒரு பக்கம் சுருங்கியிருந்தது. குனிந்து அதை இழுத்துச் சரிசெய்தாள். கை அந்தப் பாதத்துக்குப் பழகிய கை. தெரேஸ் அதைப் பார்த்தாள். நான் தெரேஸைப் பார்த்தேன்.

வெளியே லா ஷப்பேல் பாலத்தின்மேல் மெத்ரோ ரயில் போயிற்று. சன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

"நீங்கதானே?" என்றாள் தெரேஸ், தமிழில்.

"மதாம்..."

"அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாது. சொல்லுங்க."

கோசலை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஐயா சொல்லவேண்டாமெண்டவர். மகளுக்கு மணம் தெரியக்கூடாதெண்டு. கழுவி, துணி துவைச்சு முடிய நேரம் போயிடும். கூட்ட நேரம் வராது."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே! நான் எழுதனது தெரியுமில்ல?"

"ஓம், தெரியும். சொன்னால் என்ர வேலையும் போகும், ஐயாவின்ர மானமும் போகும். சொல்லாட்டில் வேலை மட்டும்தானே."

கொழும்பில் தாயிடம் விட்டிருந்த இரண்டு பிள்ளைகளை இங்கே கூப்பிட, அரசாங்கத்திடம் காட்ட அவளுக்கு இந்த வேலையின் சம்பளச் சீட்டு வேண்டும். அதை அவள் அன்று சொல்லவில்லை. பெரியப்பா முன்பே சொல்லியிருந்தார். நாங்கள்தான் சரியாகக் கேட்கவில்லை.

ழான்-லூக் தொண்டையைச் செருமினார். "மதாம், இந்த நேரத்தில் வேண்டாம்தான். ஆனால் கோப்பு என் கையில் இருக்கிறது. உங்கள் புகார் உண்மையென்றால் கட்டணத்தைத் திருப்பித் தருவோம். இவருக்கு இனி எங்களிடம் வேலை இருக்காது."

"புகார் தப்பு," என்றாள் தெரேஸ், பிரெஞ்சில். "இவங்க வேலைய முழுசா செஞ்சாங்க. நான் கோபத்துல எழுதிட்டேன்."

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. கண் தானாகப் போயிற்று. ரேடியோவின்மேல் ஒரு விரலை வைத்து இழுத்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"அது என் தூசி," என்றாள் தெரேஸ். "நேத்து நான் வந்தப்புறம் விழுந்தது."

அவர் அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு கோசலையை, பிறகு கட்டிலை. என்ன புரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரியாது. கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படியானால் கட்டணத்தைத் திருப்பித் தர முடியாது, மதாம்."

"வேணாம்."

அவர் போனபின்பும் கோசலை போகவில்லை. நான் விளக்குமாற்றை எடுக்கப் போனேன். ஆட்கள் வரத் தொடங்குமுன் கொஞ்சம் கூட்டிவிடலாம் என்று. அவள் என் கையைப் பிடித்தாள்.

"உடம்பு இருக்கேக்கை கூட்டக்கூடாது, அக்கா. வெளிய எடுத்த பிறகுதான்."

நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். "இருக்கட்டும் ஆலீஸ்," என்றாள் தெரேஸ்.

மாலையில் வண்டி வந்து பெரியப்பாவைப் பிணவறைக்கு எடுத்துப்போனது. நாங்கள் கூடவே போனோம். புறப்படுமுன் தெரேஸ் கைப்பையைத் திறந்து வீட்டுச் சாவியைக் கோசலையிடம் கொடுத்தாள். எதற்கென்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது சாவி கீழே காவல்காரம்மாவிடம் இருந்தது. கதவைத் திறந்தால் தரை ஈரம். சன்னல் திறந்திருந்தது. கொலோன் வாசனை போய் சோப்பு மணம் வந்தது. தொட்டி காலி, பாத்திரங்கள் கவிழ்த்து வைத்திருந்தன. ரேடியோ பளபளத்தது. காலையில் நாங்கள் வாளியில் போட்டிருந்த நீலத்துணி அலசிக் கொடியில் தொங்கியது.

தெரேஸ் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினாள். நானும் கழற்றினேன்.

பெரியப்பாவைப் புதன்கிழமை பெரியம்மாவின் குழியிலேயே வைத்தோம். ழான்-லூக் அடுத்த வருடம் ஊர்ப்பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். கோசலையின் பிள்ளைகள் எண்பத்தொன்பதில் வந்து சேர்ந்தார்கள். லெ பிளாங்-மெனிலில் இருக்கிறார்கள். நான் அதே தெருவில்தான் இருக்கிறேன். தெரேஸ் எபினேயில் தனியாக இருக்கிறாள், அவளுக்கும் இப்போது முழங்கால் வலி.

டிசம்பரில் சங்கத்திலிருந்து கடைசிக் கட்டணச் சீட்டு வந்தது. தெரேஸ் கட்டிவிட்டாள். கோசலை வீட்டைக் கழுவிய அந்தத் திங்கட்கிழமை அதில் இல்லை.