எக்ஸ்ரேக்காரர் விடச் சொல்ல மறந்த மூச்சு

எக்ஸ்ரேக்காரர் சொன்ன பேச்சைக் கேட்டு ஒரு சாம்பல் நாரை வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து திங்கட்கிழமை மாலை வரை மூச்சு விடாமல் நின்றது. சதுப்புப் பூங்காவில் மூன்றாம் எண் பெஞ்சுக்கு நேர் எதிரே, முழங்கால் தண்ணீரில் நின்றது. சனிக்கிழமை காலையில் நடைக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். நாரை என்றால் நிற்கத்தானே செய்யும் என்று போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு தவளை அதன் முதுகில் ஏறி உட்கார்ந்து வெயில் காய்ந்தபோதுதான் பூங்காக் காவலாளிக்குச் சந்தேகம் தட்டியது. பக்கத்தில் போய்க் கை தட்டினார், சாவிக்கொத்தைக் குலுக்கினார், ஒரு அதட்டுப் போட்டார். அது கண்ணைக்கூட இமைக்கவில்லை. சரி, செத்துவிட்டது, ஆனால் கீழே விழ மறந்துவிட்டது என்று முடிவுகட்டி, பூங்காப் பதிவேட்டில் அப்படியே எழுதியும் வைத்தார். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது, நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

நடந்தது இதுதான். எக்ஸ்ரேக்காரர் ஆஸ்பத்திரியில் படிக்கட்டுக்கு அடியில், ஜன்னலே இல்லாத அறையில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்த்துவந்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் வாயில் வருவது ஒரே பாட்டு: மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, அசையாதீங்க, ம், மூச்சு விடலாம். அந்தக் கடைசி வார்த்தையை அவர் அதுவரை ஒரே ஒரு தடவைதான் மறந்திருந்தார். அந்த நோயாளி பஸ் ஏறி வீடு வரை போய், மறுபடி பஸ் பிடித்து வந்து, முகம் நீலம் பாரிக்கக் கதவோரம் நின்று, விடலாமா என்று சைகையில் கேட்டார். நாள் பூரா மனிதர்களின் உள்பக்கத்தையே பார்த்து அலுத்துப்போனதால், வெளிப்பக்கம் அழகாக இருக்கிற எதையாவது பார்க்கலாமே என்றுதான் அவர் கேமரா வாங்கினார். ஐந்தரைக்கு வேலை முடியும், ஆறே காலுக்கு வெளிச்சம் போய்விடும், ஏழுக்குக் காவலாளி கேட்டைப் பூட்டுவார். இடையில் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் எந்தப் பறவையாவது சும்மா இருந்தால்தானே. மீன்கொத்தியை எடுத்தால் நீலமாக ஒரு இழுப்பு. முக்குளிப்பானை எடுத்தால் தண்ணீரில் ஒரு வளையம், பறவை உள்ளே போய்விட்டிருக்கும். இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

அந்த வெள்ளிக்கிழமை நாரையைக் குறிபார்த்தவர், கை கேமராவில் இருக்க, வாய் பாட்டுக்குப் பழக்கதோஷத்தில் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டது. நாரை இழுத்தது, பிடித்தது, அசையவில்லை. இறகு இறகாக எண்ணலாம் போலப் படம் விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில், காவலாளி வேறு சாவியைக் குலுக்க, மனுஷன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். திங்கட்கிழமை வந்து பார்த்தபோது நாரை அதே இடத்தில் இருந்தது. எக்ஸ்ரேக்காரருக்கு விஷயம் உடனே புரிந்தது. குனிந்து, மன்னிப்புக் கேட்கிற குரலில், மூச்சு விடலாம் என்றார். மூன்று நாள் மூச்சு ஒரேயடியாக வெளியே வந்ததில் எதிர்க்கரைக் கோரை படுத்து எழுந்தது. நாரை அவரை ஒரு பார்வை பார்த்தது, ரொம்ப நேரம் வரிசையில் காக்கவைக்கப்பட்டவர்கள் பார்க்கிற பார்வை, பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் அவர் வைத்ததுதான் அங்கே சட்டம். நாமக்கோழி, நீர்க்காகம், மீன்கொத்தி, தும்பி, கூச்ச சுபாவமுள்ள நீர்நாய்க் குடும்பம் ஒன்று, எல்லாம் அவர் சொன்னால் மூச்சைப் பிடித்தன, சொன்னால் விட்டன. மீன்கொத்தி பாதிப் பாய்ச்சலில், மூக்கு தண்ணீரைத் தொட ஒரு விரற்கடை இருக்கையில், அந்தரத்தில் நின்று கொடுக்கும். பூங்காவுக்கு வருகிறவர்கள் மூன்று மாதம் வாயைப் பிளந்து பார்த்தார்கள், நாலாம் மாதம் பழகிவிட்டார்கள். மாலை ஆறு மணிக்குப் பறவைகள் அசையாமல் இருந்தால் அச்சப்பட வேண்டாம் என்று நகராட்சி ஒரு பலகை எழுதி வைத்தது. காவலாளியும் பதிவேட்டில் பழைய குறிப்புக்குக் கீழே, சாகவில்லை என்று திருத்தம் போட்டார்.

எக்ஸ்ரேக்காரரின் மனைவி தபால் ஆபீஸ் கவுன்டரில் இருந்தார். ஊரில் எல்லோரும் தபாலம்மா என்பார்கள். பார்சலை வாங்கித் திருப்பிப் பார்த்து, உள்ளே என்ன இருக்கு என்று கேட்பதும், யாராவது சான்றிதழின் ஜெராக்ஸை நீட்டினால் முகத்தைக்கூடப் பார்க்காமல், நகல் செல்லாது, அசல் கொண்டு வாங்க என்று திருப்பி அனுப்புவதும் அந்தம்மாவின் வேலை. அதில் தயவுதாட்சண்யமே கிடையாது. ஒருமுறை நகராட்சித் தலைவரையே திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர்கள் வீட்டுக் கூடத்தில் நாரை மட்டும் நாற்பத்திரண்டு ஃபிரேமில் மாட்டியிருந்தது. கம்ப்யூட்டரில் பன்னிரண்டாயிரம் பறவைகள் இருந்தன. தபாலம்மாவை அவர் எடுத்த படம் இருந்தது ஒன்றே ஒன்று. எட்டு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுச்சளி வந்தபோது எடுத்த எக்ஸ்ரே.

"இந்த வீட்ல நான் ஒருத்தி இருந்தேங்கறதுக்கு என் விலா எலும்ப தவிர வேற சாட்சி இல்ல" என்பார் அந்தம்மா, காய் நறுக்கிக்கொண்டே.

"எடுக்கறேன்மா. வெளிச்சம் சரியா அமையட்டும்" என்பார் இவர். நாரைக்கு அமைகிற வெளிச்சம் பெண்டாட்டிக்கு ஆறு வருஷமாக அமையவில்லை. இதற்கு என்ன சொல்வது. நல்ல மனுஷன்தான், ஆனால் நல்ல மனுஷனுக்கும் மண்டையில் ஒன்று உறைக்க நேரமாகும்.

ஆறாவது வருஷம் ஊரே இருமியது. எக்ஸ்ரே அறைக்கு வெளியே வரிசை படிக்கட்டு ஏறி மேல்மாடி வரை நின்றது. ஒரே நாளில் இருநூற்று நாற்பது பேரிடம் மூச்சை இழுக்கச் சொன்னார் எக்ஸ்ரேக்காரர். அன்றைக்குப் பார்த்துத் தபாலம்மா ஆபீஸ் பையைத் தோளில் மாட்டியபடி நேரே பூங்காவுக்கு வந்துவிட்டார். மூன்றாம் எண் பெஞ்சுக்கு முன்னால் கரையில் நின்று, தலைமுடியை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டார்.

"இன்னிக்கு வெளிச்சம் இருக்கா இல்லையா?"

"இருக்கு" என்றார் அவர், கரகரத்த குரலில். இருந்தது. தண்ணீர் முழுக்கப் பொன்னாக இருந்தது. பின்னால் நாரை, பக்கத்தில் நாமக்கோழிகள், மேலே பாதிப் பாய்ச்சலில் மீன்கொத்தி. அவர் கேமராவைத் தூக்கி, மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க என்றார். எல்லோரும் பிடித்தார்கள், தபாலம்மாவும் சேர்த்து. அந்த நிமிஷம் எக்ஸ்ரேக்காரருக்கு இருமல் வந்தது. குனிந்து இருமி, நிமிர்ந்து, வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. குரல் போய்விட்டது.

முதலில் அவருக்கு உறைக்கவில்லை. உறைத்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவியின் முகத்துக்கு நேரே வாயை அசைத்துக் காட்டினார். காகிதத்தில் எழுதிக் கண்முன்னே பிடித்தார். காவலாளி தன் குரலில் மூச்சு விடலாம் என்று பத்து வாட்டி கத்தினார், பதினோராவது வாட்டி அவருக்கே மூச்சு வாங்கியது. தபாலம்மாவின் கை சூடாக இருந்தது, கன்னத்தில் ரத்த ஓட்டம் இருந்தது, ஒரு குறையும் இல்லை. நாரைக்கு ஒன்றும் ஆகாதது மாதிரி இவருக்கும் ஆகாது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் விடச் சொல்ல ஒரு குரல் வேண்டுமே. ஆஸ்பத்திரியில் தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பத்து நாளுக்குக் கிசுகிசுக்கக்கூடக் கூடாது என்றார். குரல் திரும்புமா என்று அவர் எழுதிக் காட்டியதற்கு, பெரும்பாலும் திரும்பும் என்றார். அந்தப் பெரும்பாலும் என்கிற வார்த்தையை எக்ஸ்ரேக்காரர் வீடு வரை சுமந்துகொண்டு போனார். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

நாலாம் நாள் மச்சினி, அதாவது தபாலம்மாவின் தங்கை, ஊரிலிருந்து வந்து இறங்கினாள். அக்காவைச் சுற்றி ஒரு நடை நடந்தாள், கொண்டுவந்த மழைக்கோட்டை அவள்மேல் போர்த்திப் பொத்தானைப் போட்டுவிட்டாள், அத்தானை ஒரு பிடி பிடித்தாள், பிறகு சட்டென்று நிறுத்தினாள்.

"அத்தான், எனக்கு ஸ்கேன் எடுத்தப்போ அந்த மெஷினுக்குள்ள உங்க குரல்தானே கேட்டுச்சு?"

உண்மைதான். ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் மெஷின் வந்த புதிதில் அது ஏதோ அயல்நாட்டுப் பெண்ணின் குரலில் மூச்சை இழுக்கச் சொல்லி, ஒருவருக்கும் விளங்காமல், கடைசியில் எக்ஸ்ரேக்காரரைப் பேசவைத்துப் பதிவு செய்திருந்தார்கள். மச்சினி அதைப் போனில் பிடித்து வந்து, பூங்கா மூடும் நேரத்தை அறிவிக்கிற ஒலிபெருக்கியில் போட்டாள். இழுங்க, பிடிங்க என்று அது ஆரம்பித்ததும் நடைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார்கள். மூச்சு விடலாம் என்றதும் ஊர்ச்சனம் விட்டது, நாரை விட்டது, நாமக்கோழிகள் விட்டன, மீன்கொத்தி நாலு நாள் கழித்துத் தண்ணீரைத் தொட்டு வெறும் வாயோடு எழுந்தது. மீன் எப்போதோ போய்விட்டிருந்தது. தபாலம்மா மட்டும் அப்படியே நின்றார்.

மூன்று தடவை போட்டார்கள். மூன்று தடவையும் ஊர் நின்று நின்று விட்டது, அந்தம்மா அசையவில்லை. மச்சினி பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"நகல் செல்லாதுன்னு சொல்றவ. அவகிட்டப் போய் ரெக்கார்டப் போட்டோமே" என்றாள்.

ஆக, அசல் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். தபால் ஆபீஸிலிருந்து விடுப்புப் படிவத்தோடு ஆள் வந்து, கையெழுத்துப் போட வேண்டியவர் மூச்சு விடவில்லை என்பதை நேரில் பார்த்து எழுதிக்கொண்டு போனது. பகலில் காவலாளி குடை மாற்றி மாற்றிப் பிடித்தார். சைகையிலேயே வேலையை ஓட்டிவிட்டு ஐந்தரைக்கு மேல் எக்ஸ்ரேக்காரர் வந்துவிடுவார். கேமரா கொண்டுவருவதில்லை. எதிரே உட்கார்ந்து ஏழு மணி வரை பார்த்துக்கொண்டே இருப்பார், வேறு என்ன செய்ய. இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம் இருந்தது, அது அவருக்குத் தெரியாது. பார்சல் கயிறு இழுத்து இழுத்து ஆள்காட்டி விரலில் ஒரு கோடு பதிந்திருந்தது, அதுவும் தெரியாது. நாரையின் கழுத்தில் எத்தனை கறுப்புப் புள்ளி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. குரல் வராமலே போய்விட்டால், இந்த மச்சத்தைப் பார்த்தேன் என்று யாரிடம் சொல்வது என்று நினைத்து ஒரு நாள் பெஞ்சிலேயே அழுதார். நாரை பக்கத்தில் வந்து நின்றது, அழைக்காமலே.

பதினோராம் நாள் தொண்டை டாக்டர், ஆ என்று சொல்லிப் பாருங்கள் என்றார். எக்ஸ்ரேக்காரர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு எழுந்து ஓடினார். கொஞ்சநஞ்சம் குரல் வந்திருந்தால் அதை ஆவன்னாவில் செலவழிக்க அவர் தயாராக இல்லை. வழியில் ஒருவர் மணி கேட்டதற்கும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஆள் இவரைத் திமிர் பிடித்தவன் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பூங்காவில் காவலாளி குடையை மடக்கிக்கொண்டு விலகினார், மச்சினி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மனைவிக்கு எதிரே வந்து நின்றதும் எக்ஸ்ரேக்காரருக்கு அந்த இருபத்தைந்து வருஷப் பாட்டு சுத்தமாக மறந்துபோனது. தொண்டையைச் செருமினார். தவளைக்கும் காக்கைக்கும் நடுவில் ஒரு சத்தம் வந்தது.

"வீட்டுக்குப் போலாமா?" என்றார்.

தபாலம்மா மூச்சு விட்டார். அது குளத்தின் மேல் போய் நாமக்கோழிகளை மேலும் கீழும் ஆட்டிவிட்டு, எதிர்க்கரைப் பெஞ்சில் இருந்தவரின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனது. தலைமுடியை ஒதுக்கின கையை இறக்கி, தோளைக் குலுக்கி, அந்தம்மா கேட்ட முதல் கேள்வி:

"படம் வந்துச்சா?"

எக்ஸ்ரேக்காரர் திருதிருவென்று விழித்தார். மச்சினி தன் பையில் கொண்டுவந்திருந்த அவருடைய கேமராவை எடுத்துப் பார்த்தாள். கடைசிப் படம் ஒரு நீர்க்காகம். பிடிக்கச் சொன்னவர், இருமினவர், பட்டனை அமுக்கவே இல்லை.

தபாலம்மா மழைக்கோட்டைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்தார். அவருக்கு அந்தப் பதினோரு நாளும் ஒரே ஒரு இழுத்த மூச்சின் நேரம்தான், ஆனாலும் எதிரே ஒருவர் விடாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது. மறுபடி கரையில் போய் நின்றார்.

"இந்தத் தடவ ஒண்ணும் சொல்லாம அமுக்குங்க."

அவர் ஒன்றும் சொல்லாமல் அமுக்கினார். சொல்லாததால் யாரும் மூச்சைப் பிடிக்கவில்லை. நாரை தலையைத் திருப்பியது, மீன்கொத்தி நீலமாக ஒரு இழுப்பு, தபாலம்மா சிரித்து ஆடியதில் முகம் கலங்கலாக விழுந்தது. மச்சம் மட்டும் எப்படியோ தெளிவாக வந்திருக்கிறது. நாற்பத்திரண்டு நாரைகளையும் இறக்கிவிட்டு அந்த ஒன்றைத்தான் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் யார் இது என்று கேட்டால், அசல் என்கிறார் அந்தம்மா.

பூங்காப் பதிவேட்டில் காவலாளி, தபாலம்மா மூச்சைப் பிடித்தார், தபாலம்மா மூச்சு விட்டார் என்று இரண்டு வரி எழுதி முடித்துக்கொண்டார். தபாலம்மா அந்த வருஷத்திலிருந்து தன் பிறந்தநாளைப் பதினோரு நாள் தள்ளிக் கொண்டாடுகிறார். மூச்சு விடாத நாளெல்லாம் வயசில் சேராது என்று மேலதிகாரிக்கு எழுதிப் போட, மேலதிகாரியும் பார்த்து, சரி என்று முத்திரை குத்தி, ஓய்வு பெறும் தேதியைப் பதினோரு நாள் தள்ளிக் கொடுத்துவிட்டார்.