கோப்பையில் மூன்று விரல்

அந்த அறையின் சுவரில், இங்கே எல்லாரும் சமம் என்று பெரிதாக எழுதியிருந்தது. எழுத வைத்தவர் குழுவின் பயிற்றுநர். முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் சாமியார். குழு தன்னைத் தானே நடத்திக்கொள்ள வேண்டும் என்று தினமும் காலையில் உபதேசம் செய்வார். எப்படி நடத்திக்கொள்வது என்பதையும் அவரே சொல்லிவிடுவதால் குழுவுக்குச் சிரமம் இருந்ததில்லை.

ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று கணிக்க அவர்கள் சீட்டுக் காட்டுவார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் சொல்லக் கூடாது என்பதற்காக எல்லாரும் ஒரே நேரத்தில் எண்ணைத் திருப்ப வேண்டும். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் வேலை வெளியே போகாது. விதி அருமையானது. நடைமுறையில், காபிக் கோப்பையைச் சாமியார் எத்தனை விரலால் பிடித்திருக்கிறாரோ அதுவே குழுவின் ஏகமனதான கருத்து.

இன்று விரல் மூன்று. ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களுக்கு வழிகாட்டும் செயலி நாளைக் காலை எல்லா வண்டிகளுக்கும் போகிறது. வழியில் செல்போன் சிக்னல் அறுந்தால் என்ன ஆகும் என்ற ஒரு சமாசாரம்தான் பாக்கி. மூன்று என்றால் அது சில்லறை வேலை, மத்தியானத்துக்குள் முடிந்துவிடும்.

செயலியில் பிழை தேடும் டெஸ்டர் தன் சீட்டுகளைப் பிடித்திருந்தாள். அவள் கணவன் ஆம்புலன்ஸ் ஓட்டுபவன். சோதனைக்குக் கொடுத்த செயலி, சுரங்கப்பாதையைத் தாண்டியதும் முந்தைய நோயாளியின் வீட்டுக்கே போகச் சொல்வதாக நேற்றுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னான். காலையில் வந்ததும் சிக்னலைத் துண்டித்துத் துண்டித்துப் பார்த்தாள். நிஜம்தான். ஓடிப்போய்ச் சாமியாரிடம் சொன்னபோது அவர் கண்ணை மூடிப் புன்னகைத்தார்.

"இது தப்பு இல்லம்மா. கத்துக்க ஒரு வாய்ப்பு."

அவளுடைய வேலை நிரந்தரமாவது இந்த வாரம் அவர் போடும் கையெழுத்தில் இருக்கிறது என்பதையும் கையோடு நினைவுபடுத்தினார்.

மூலையில் ஒரு ஆராய்ச்சிக்கார அம்மாள் உட்கார்ந்திருந்தாள். இப்படிக் கூடிக் கணிக்கும் குழுக்கள் சொந்தமாக யோசிக்கின்றனவா, பெரிய குரலுக்குப் பின்னால் போகின்றனவா என்பது அவள் ஆய்வு. அவளுக்காகவே சாமியார் இன்று கூடுதலாகப் பளபளத்தார்.

"திருப்புங்க" என்றார்.

மூன்று, மூன்று, மூன்று, மூன்று. டெஸ்டரின் சீட்டில் நூறு, கட்டிலேயே பெரிய எண்.

தனித்த எண்ணைக் காட்டியவர் காரணம் சொல்ல வேண்டும் என்பது விதி. அவள் சுரங்கப்பாதையைச் சொன்னாள். அந்தப் பகுதிக்கு நிரல் எழுதிய நெட்டை, தன் செருப்பை முதன்முறையாகப் பார்ப்பவன்போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாமியார் அவளைத் தாராளமாகப் பாராட்டினார். பயமில்லாத குழு இது என்று ஆராய்ச்சிக்கார அம்மாள் பக்கம் திரும்பிச் சொன்னார். பிறகு, மனதைத் திறந்து இன்னொரு தடவை காட்டுவோம் என்று கோப்பையை எடுத்தார். மூன்று விரல் அழுத்தமாகப் பதிந்தது.

மறுபடி மற்ற மூவரும் மூன்று. அவள் நூறு. நெட்டை சீட்டைத் திருப்பவேயில்லை.

"ஒரு சந்தேகம்" என்றாள் ஆராய்ச்சிக்கார அம்மாள், கேட்கலாமா என்ற தயக்கத்தோடு. "சீட்டு எடுக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் ஏன் சாரோட கோப்பையைப் பாக்கறீங்க?"

சாமியார் கோப்பையைக் கீழே வைத்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசியில் அக்குளில் சொருகிக்கொண்டார்.

மூன்றாம் தடவை காட்டினார்கள். எட்டு, இருபது, ஐந்து. டெஸ்டரிடமும் நெட்டையிடமும் நூறு.

"எழுதினது நான்தான். அக்கா சொல்றது சரி" என்றான், செருப்பிடமே.

அந்த இரண்டு நூறைத் தவிர ஒரு எண்ணும் இன்னொன்றோடு ஒட்டவில்லை. நாளைக்குச் செயலி போகாது. அவசரப்படாமல் இருப்பதே உண்மையான வேகம் என்று சாமியார் உடனே ஒரு தத்துவம் கண்டுபிடித்து, முடிவைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். நாற்காலிகள் நகர்ந்தன. அவர் டெஸ்டர் பக்கம் குனிந்து, மூலைக்கும் கேட்கிற இனிமையான குரலில் சொன்னார்:

"உன் வேலை நிரந்தரம் ஆகறதை இனிமே குழுவே முடிவு பண்ணட்டும்மா. நான் யாரு சொல்ல?"

அவள் சீட்டுகளை அடுக்கி மேசை நடுவே தள்ளினாள்.

"சரி சார். இப்பவே எல்லாரையும் சீட்டுக் காட்டச் சொல்லுங்க."

கதவுவரை போய்விட்ட நெட்டை, திரும்பி வந்து உட்கார்ந்தான்.