நாலாவது ஜாக்கெட்

எனக்குக் கோவம் சட்டுனு வந்துருமுங்க. வந்துட்டா வாயில என்ன வருதுன்னு எனக்கே தெரியாது. அதை முதல்லயே சொல்லிப்போடறேன். பின்னால கேட்டுட்டு, இவ என்ன பொம்பளைன்னு நீங்க நினைக்கக் கூடாது பாருங்க.

போன மே மாசக் கடைசி. என்ற மக சாராவுக்குப் பதிமூணு முடிஞ்சிருந்துது. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள படகு ஓட்டக் கத்துக்கோணும்னு ஒரே புடியா நின்னா. இந்தக் கெரகத்தை எங்கிருந்து புடிச்சாளோ தெரியலைங்க. அவளை வாளித் தண்ணிக்கு மேல எதுலயும் எறங்க உட்டவ இல்லை நான். பள்ளிக்கூடத்துல அருவிக்குக் கூட்டிட்டுப் போனப்பக்கூட, புள்ளைக்கு வயித்துவலின்னு லீவு லெட்டர் எழுதிக் குடுத்துப்போட்டேன்.

செல்போன்ல ஒரு பட்டியல் போட்டு வெச்சிருந்தா. வாலாங்குளம், ஆழியாறு, ஒத்தப்பனைக் குளம்.

"புதுசா பழகறவங்க நாலு விசயம் பாக்கோணும்மா. ஆழம் கம்மியா இருக்கோணும். காத்து கம்மியா இருக்கோணும். கரை கிட்டத்துல இருக்கோணும். கூட்டம் இருக்கக் கூடாது. நாலுலயும் ஒத்தப்பனைக் குளம்தான் முதல்ல வருது. ஊட்டுல இருந்து கால் மணி நேரம்தான்."

"அது மட்டும் வேண்டாம்."

"ஏன்?"

"சாக்கடைத் தண்ணி."

"அதெல்லாம் சுத்தம் பண்ணி, நடைபாதை போட்டு, படகும் உட்டு ஆறு மாசமாச்சும்மா."

என்ற ஊட்டுக்காரர் மெர்வின் பம்ப் கம்பெனியில சூப்பர்வைசர். எதையும் அளந்து பாக்கற ஆளு. "புள்ளை நல்லாத்தானே ரோசிச்சிருக்குது, ரெபேக்கா"ன்னாரு. அவருக்கு என்ன தெரியுமுங்க?

அந்தக் குளத்துலதான் என்ற தம்பி ஜெஃபின் செத்தான். இவங்க ரெண்டு பேருக்கும் அது தெரியாது. இவங்களுக்குத் தெரிஞ்ச ஜெஃபின் மஞ்சக்காமாலையில செத்தவன்.

அப்ப எனக்குப் பதினஞ்சு, அவனுக்குப் பதிமூணு. வாழைத்தண்டு நாலைக் குச்சியில கோத்துத் தெப்பம் பண்ணி வெச்சிருந்தான். அதுல ஒரு கவுத்தைக் கட்டி, நுனியைக் கரையில ஒரு ஆளு புடிச்சுக்கோணும். "அக்கா, நீயும் வாக்கா, கவுறு புடிக்க ஆளில்லை"ன்னு நச்சரிச்சான். நான் டிவியில முங்கிக் கெடந்தேன். ரெண்டு தடவை வேண்டாம்னேன். மூணாவது தடவை கேட்டப்ப, "சனியனே, எங்காச்சும் போய்த் தொலை"ன்னு சொல்லிப்போட்டேன். தனியாத்தான் போனான்.

எங்கப்பா ஞானாபரணம்தான் எறங்கித் தேடி, தூக்கிட்டு வந்தாரு. அப்ப அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே கெடையாதுங்க. தண்ணியில செத்தான்னு சொன்னா, தானா உழுந்தானோன்னு பேச்சு வரும், கல்லறைத் தோட்டத்துல மந்திரிச்ச மண்ணுல எடம் தரமாட்டாங்கன்னு அவரே ஒரு பயத்தைக் கட்டிக்கிட்டாரு. முந்தின மாசம்தான் அவனுக்கு மஞ்சக்காமாலை வந்து, கீழாநெல்லி அரைச்சுக் குடுத்துட்டு இருந்தோம். அது திரும்பி வந்துடுச்சுன்னு சொல்லி, சாயங்காலமே அடக்கம் பண்ணிப்போட்டோம். ரொம்ப வருசம் கழிச்சு, யாரையோ சொல்றாப்புல ஒரு சாமியார்கிட்ட நான் கேட்டேன். "பச்சைப் புள்ளைக்கு எடம் தரமாட்டோம்னு யாரும்மா சொன்னது?"ன்னு திருப்பிக் கேட்டாரு. யாருமே சொல்லலைங்க. யார்கிட்டயும் கேக்காமயே நாங்க பொய் சொல்லிட்டோம்.

வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு அவன் கல்லறையைக் கழுவிச் செவந்திப்பூ வெச்சு, மெழுகுவத்தி ஏத்துவேன். பக்கத்துல நின்னு மெர்வின், "பாவம், காமாலை"ம்பாரு. நான் வாயே தொறக்க மாட்டேன். மத்ததுக்கெல்லாம் தொறக்கற வாய்.

சரி, ஒத்தப்பனைக் குளம் வேண்டாம்னு அடம் புடிச்சு, முதல்ல வாலாங்குளத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். படகுக்காரர் கையில நாலு லைஃப் ஜாக்கெட் எடுத்துட்டு வந்தாரு.

"மூணு பேருதானுங்க"ன்னேன்.

"பின்னால ஒரு தம்பி நின்னாப்புல இருந்துச்சுங்களே"ன்னு எட்டிப் பாத்தாரு. பின்னால யாரும் இல்லை. நடைபாதைதான் இருந்துது.

பெடல் படகுல நாங்க மூணு பேரும் ஏறுனோம். பின்சீட்டுல நான் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் காலி. காலியா இருந்த பக்கம்தான் தண்ணிக்குள்ள தாழ்ந்துது. மெர்வின் ரெண்டு தடவை என்னைத் தள்ளி உக்காரச் சொன்னாரு. அரை மணி நேரத்துக்கு எடுத்ததைப் பத்தே நிமிசத்துல கரைக்குத் திருப்பச் சொல்லிட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஆழியாறு. பெரிய மோட்டார் படகு. எம்பக்கத்துல ஒரு அம்மா தன் குழந்தையை மடியில தூக்கி வெச்சு, நடுவுல எடம் உட்டு நெருக்கி உக்காந்திருந்தாங்க.

"நல்லா நவுந்து உக்காருங்கம்மா, எடம் இருக்குதல்ல"ன்னேன்.

"உங்க பையன் உக்காந்திருந்தானுங்களே"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் பாத்தாங்க. அந்தம்மா மூஞ்சி வெளுத்துப்போச்சு. நான் சீட்டுல கையை வெச்சேன். வெய்யில்ல காஞ்சு கெடந்த படகுல அந்த எடம் மட்டும் சொதசொதன்னு ஈரம். பதினொரு மணிக்குப் பாலக்காட்டுக் காத்து எறங்கவும், போதும்னு படகைத் திருப்பிட்டாங்க.

ஊட்டுக்கு வந்ததும் சாரா குதிச்சா. "ரெண்டு எடத்துலயும் துடுப்பையே தொடலை. நீ கூட்டிட்டுப் போகலைன்னா போ. நவ்யா ஊட்டுக்கிட்ட கல்லுக்குழி இருக்குது, தண்ணி நெறைய நிக்குது. அவகூட நானே போயிக்கறேன்."

நவ்யா அவளோட படிக்கற புள்ளை. கல்லுக்குழின்னா கரையே இல்லாத பள்ளமுங்க. உழுந்தா ஏறப் புடிமானமே இருக்காது. கேட்டதும் கோவம் வந்துது, வாயும் தொறந்துது.

"எங்காச்சும் போய்த்..."

அதுக்கு மேல வரலை. கதவோரத்துல தண்ணி சொட்டற சத்தம் கேட்டுது. ஊட்டுல குழாய் எல்லாம் மூடித்தான் இருந்துது. சொட்டு சொட்டா, நெதானமா. நான் சொல்லி முடிக்கறதுக்காக யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு காத்துட்டு இருக்கறது எனக்குத் தெரிஞ்சுது. சாரா எம்மூஞ்சியைப் பாத்து, "அம்மா, என்னாச்சு?"ன்னா.

"நாளைக்குக் காலையில ஒத்தப்பனைக் குளம் போலாம் கண்ணு. நானும் வாரேன்"னேன்.

இருபத்தினாலு வருசம் கழிச்சு அந்தக் கரையில கால் வெச்சேன். காலையில ஏழு மணி. அங்க படகு பாத்துக்கறவர் பேரு நஞ்சப்பன், அம்பது வயசு இருக்கும். நாலு ஜாக்கெட்டோட வந்தாரு.

"சின்னது தம்பிக்குங்க"ன்னாரு.

நான் மறுக்கலை. மூணை நாங்க போட்டுக்கிட்டு, சின்னதை வாங்கிப் படகோட பின்பலகையில வெச்சேன். மெர்வின் என்னை ஒரு மாதிரி பாத்தாரு.

"பழகற வரைக்கும் கவுறு கட்டித்தானுங்க உடுவோம். நான் கரையில நுனியைப் புடிச்சுக்குவேன்"னு நஞ்சப்பன் சொன்னாரு.

"குடுங்க, நான் புடிச்சுக்கறேன். நான் படகுல ஏறலைங்க."

"உங்களுக்குக் கை எரியுமுங்க."

"எரியட்டும்."

மெர்வின் முன்னால, சாரா துடுப்போட நடுவுல. படகு நவுந்துது, கவுறு என்ற கையில இருந்து ஓடுச்சு. முதல்ல கோணல் மாணலாப் போனா. பொறவு ரெண்டு துடுப்பும் ஒண்ணாப் பட ஆரம்பிச்சுது. என்ற புள்ளை சிரிச்சா. அவ அப்புடிச் சிரிச்சு நான் பாத்து எத்தனை நாளாச்சு.

அப்பத்தான் பின்பலகை தாழ்ந்துது. ஜாக்கெட் மட்டும் இருந்த எடம். "அம்மா, படகு பின்னால இழுக்குது"ன்னு சாரா கத்துனா. மெர்வின் எந்திரிக்கப் பாத்தாரு, நஞ்சப்பன் "உக்காருங்க, உக்காருங்க"ன்னு சத்தம் போட்டாரு. கவுறு வெடுக்குன்னு இழுத்துது. ரெண்டு பேரு கனம் இல்லைங்க அது. உள்ளங்கைத் தோல் உரிஞ்சுது. நஞ்சப்பன் ஓடி வந்து கை குடுக்கறதுக்குள்ள நான் முழங்கால் தண்ணியில நின்னுட்டு இருந்தேன்.

"ஜெஃபின், அக்கா புடிச்சிருக்கேன்டா. அன்னைக்கு வரலை. தொலைஞ்சு போன்னு சொன்னது நான்தான்டா, காமாலை இல்லை. இப்ப வந்துட்டேன். உடமாட்டேன்டா, கரைக்கு வா சாமி."

அத்தனை பேரு காதுலயும் உழுகற மாதிரித்தான் சொன்னேன். சொல்லிட்டே இழுத்தேன். கை மாத்தி, கை மாத்தி. படகு கனமாவே வந்துது, மண்ணுல மோதி நின்னுது.

அங்கயே ஈரத்துல உக்காந்து ரெண்டு பேருகிட்டயும் எல்லாத்தையும் சொன்னேன். டிவி, தெப்பம், எங்கப்பா, மந்திரிச்ச மண்ணு, எல்லாத்தையும். மெர்வின் என்ற கையைத் திருப்பித் தோல் உரிஞ்சதைப் பாத்துட்டே இருந்தாரு. சாரா மட்டும், "மாமாவுக்கும் பதிமூணாம்மா?"ன்னு கேட்டா. ஆமான்னேன்.

நஞ்சப்பன் ஜாக்கெட் எண்ண வந்தாரு. எங்க மூணையும் வாங்கிட்டு, பின்பலகையில கெடந்த சின்னதை எடுத்துப் பாத்து நின்னாரு.

"ஏனுங்க, மூணு பேருதானே வந்தீங்க? நாலாவது எதுக்கு எடுத்தாந்தேன்னு தெரியலைங்களே."

"தம்பிக்குன்னு குடுத்தீங்களே."

"எந்தத் தம்பிங்க?"

நான் சுத்தியும் பாத்தேன். நடைபாதை, குளம், படகு. கதவோரத்துல சொட்டுன அந்தத் தண்ணிச் சத்தம்கூட எங்கயும் இல்லை. அவன் நிம்மதியாப் போய்ச் சேரோணும்னுதானே இத்தனை வருசம் கல்லறையில வேண்டிக்கிட்டேன். கவுறு இன்னும் என்ற கையிலதான் இருந்துது. இழுத்துப் பாத்தேன், கனமே இல்லை. அப்பத்தானுங்க நான் அழுதேன்.