மண்ணைக் கரைத்து ஊற்றிய பிறகும்

குணசேகரனுக்கு உயிர் போவேனா என்றது. பேச்சு நின்று, தண்ணீர்கூட இறங்காமல், மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. மண்ணாசைதான் விடவில்லை என்று ஊரே முடிவுகட்டி, அவன் வயலில் ஒரு பிடி மண்ணெடுத்துக் கரைத்து வாயில் ஊற்றினார்கள். அதற்கும் போகவில்லை.

பக்கத்து வீட்டில் தனிக்கட்டையாக இருந்த அண்ணி பிரகதாம்பாளுக்கு எல்லாம் காதில் விழுந்தது. கிடக்கட்டும் என்று உலையில் அரிசியைப் போட்டாள். அந்த வயலில் எலிக்காக அவன் இழுத்துவிட்ட கரண்டுக் கம்பிதான் அவளுடைய ஒரே மகன் வெற்றிசெல்வனைக் கொன்றது. விடிந்ததும் கரண்டை நிறுத்த மறந்துவிட்டான். மடை திறக்கப் போன பிள்ளை வரப்பிலேயே கருகிக் கிடந்தான். அன்றைக்கு எல்லார் முன்னாலும் மண்ணை வாரித் தூற்றிச் சொன்னாள்: "நீ நல்ல சாவு சாவ மாட்டடா. உசுரு போவாம இழுத்துக்கிட்டுக் கெடப்ப." கோர்ட்டு அவனை என்ன செய்தால் என்ன, அவள் நம்பியது இந்தச் சாபத்தைத்தான்.

கொல்லை வழியாக அவன் மகள் கவிப்ரியா வந்தாள். "அப்பாவப் புடிச்சி வச்சிருக்கறது மண்ணு இல்ல பெரியம்மா, ஒங்க வாக்கு. வந்து ஒரு வாய் பால் ஊத்துங்க. முதுகெல்லாம் புண்ணு. பாக்க முடியல."

"பாக்க முடியலையா? எம்புள்ளைய நான் பாத்தேன்டி."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிரகதாம்பாள் எழுந்து போனாள். மன்னிப்பதற்கு அல்ல, பலித்த சாபத்தைக் கண்ணால் பார்க்கத்தான். பொய் சொல்வானேன், உள்ளுக்குள் இனிக்கவும் செய்தது.

கூடத்தில் எலும்புக்கூடு ஒன்று கிடந்தது. உதட்டோரம் சேறு காய்ந்திருந்தது. அவளைக் கண்டதும், அடிக்குப் பயந்த பிள்ளை மாதிரிக் கண்ணை இறுக மூடிக்கொண்டான். சீ என்றாகிவிட்டது அவளுக்கு. இதற்காகவா இத்தனை வருஷம் காத்துக் கிடந்தோம்? இவன் இன்னும் ஒரு மாதம் இழுத்தாலும் பிள்ளை எழுந்து வரப்போவதில்லை.

முந்தானையால் சேற்றைத் துடைத்தாள். சங்கில் பாலை எடுத்து ஊற்றினாள்.

"சொன்ன சொல்லத் திரும்ப வாங்கிக்கிட்டேன் தம்பி. நிம்மதியாப் போ."

பாதிப் பால் கடைவாயில் வழிந்தது. கொஞ்ச நேரத்தில் மூச்சு அடங்கியது.

பிரகதாம்பாள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். மகன் செத்த அன்றுகூட அவள் அழவில்லை, ஆத்திரம் அழவிடவில்லை. கொழுந்தனுக்காக அழுகிறாள் என்று பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். அவள் வெற்றிசெல்வனுக்காக அழுதாள்.